கன்னி அட்டை எது?

ஒரு சொல்லை எல்லாரும் வழங்குகின்றனர் என்பதனால் அதன் பொருளும் எல்லாருக்கும் ஒன்றே என்று துணிந்துவிடலாகாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தரை ஹொக்கி வீரர்களின் படம் பொறித்த அட்டைகளைச் சேகரிப்போர் நாள்தோறும் வாயிலெடுக்கும் ‘ரூக்கி அட்டை’ என்னுஞ் சொல் அத்தகையது. ரூக்கி என்றால் களத்துக்குப் புதியவன். சபையில் ஒருவர் முதன்முதல் ஆற்றும் உரையைக் கன்னிப் பேச்சு என்கிறோமல்லவா? அம்முறையில் ஒரு வீரருக்கென வெளிவந்த முதலட்டையைக் கன்னி அட்டை எனலாம். ரொறன்ரோவிற் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வட்டைகளுக்குக் காசு செலவிடுகிறார்கள். கன்னி அட்டை என்று பெயர் சூட்டிவிட்டால் ஓர் அட்டையின் விலை பன்மடங்காகிவிடும். ஆகவே அப்பெயருக்கு உரியது எது என்று ஆராய்வது வீண்வேலையன்று.

வீரர் முதன்முதல் ஆடிய பருவத்தில் வந்த அட்டையே கன்னி அட்டை என்று சொல்லிவிட்டாற் போதாதா? போதாது. ஒன்றுக்கு இலக்கணம் வகுக்கும்போது நேரக்கூடிய குற்றங்கள் மூன்று என்று நமது தருக்க நூலார் கூறுவர். அடக்கவேண்டிய சிலவற்றை விட்டுவிடுதல் அவ்வியாத்தி. வேண்டாதவற்றையும் சேர்த்துக்கொள்ளுதல் அதிவியாத்தி. எதற்குமே பொருந்தாதிருத்தல் அசம்பவம். மேற்சொன்ன இலக்கணம் முதற் குற்றத்துக்கு ஆளாகின்றது. எப்படியென்று பார்ப்போம்.

கோர்டி ஹவ் என்னும் பெருவீரர் டெற்றொயிற் அணிக்காக ஆடத் தொடங்கியது 1946 இல். மொன்றியல் அணியின் மொறிஸ் றிஷார் 1942 இலேயே தேசிய ஹொக்கி லீக்கில் இறங்கி, 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்துப் புகழின் உச்சியில் நின்றவர். ஆயினும், இவ்விருவருக்கும் கன்னி அட்டை என்று இன்று கொள்ளப்படுவது 1951-52 பருவத்துக்கெனப் பார்க்ஹேர்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 105 அட்டைகள் கொண்ட தொகுதியிலேயே இருக்கிறது. றிஷாருடையது 4 ஆம் இலக்கம். ஹவ்வுடையது 66 ஆம் இலக்கம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நின்றுபோன அட்டை வெளியீடு 1951 வரையில் மீண்டுந் தலையெடுக்கவில்லை. அரங்கேறிப் பல ஆண்டு கழிந்த பின்னரே அழைப்பிதழ் அச்சிடப்பட்டது போலாயிற்று.

அந்த இடைக்காலத்தில் வீரர்களின் படங்களே வெளிவரவில்லையா என்றால், வந்தன. பீஹைவ் என்னும் சோளப்பாகின் அடையாளச் சீட்டைத் தபாலில் அனுப்பிய சிறுவருக்கு, விரும்பிய வீரரின் புகைப்படத்தை அந்நிறுவனம் அனுப்பி வைத்தது. ஹவ்வின் படமும் அவற்றுள் உண்டு. ஆனால் அவற்றில் ஆண்டுமில்லை, இலக்கமுமில்லை. ஒரே வரிசை பல ஆண்டு தொடர்ந்து வழங்கப்பட்டது. எது முந்தியது என்று நிறுவ வழியில்லாதபடியால் சேகரிப்போர் அவற்றைக் கன்னி அட்டையென ஏற்பதில்லை. கணக்குக்கு இது சரிதான். எனினும், பாகுக் குவளையிலிருந்து சீட்டைப் பெயர்த்து அனுப்பிவிட்டுத் தபாற்காரன் வரவை எதிர்பார்த்து நின்ற சிறுவனுக்கு அதுவே முதற் காட்சி. அவனிடம் போய் 1951 ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னாற் சிரிப்பான்.

இவ்வாறெல்லாம் வாதாடி இவர்கள் வந்தடைந்த இணக்கம் ஏறக்குறைய இதுதான்: ஆண்டும் இலக்கமும் உடையதாய், உரிய அனுமதி பெற்ற நிறுவனம் நாடெங்கும் கடைகளில் விற்கப் பொட்டலமாக வெளியிட்டதாய், தொகுதியின் பொது வரிசையில் இடம்பெற்றதாய் உள்ள அட்டைகளுள், ஒரு வீரர் முதன்முதல் தோன்றுவது எதிலோ அதுவே மெய்யான கன்னி அட்டை. அஃதாவது, வீரரின் முதலாண்டு அன்று, அட்டையின் முதலாண்டே கணக்கு. பெயரோ வீரரின் புதுமையைச் சுட்டுகிறது. பொருளோ அட்டையின் புதுமையைச் சுட்டுகிறது. இதனை மறந்தவர்களே விவாதத்திற் குரலை உயர்த்துகிறார்கள்.

வெயின் கிறெற்ஸ்கியின் கதை இதற்குச் சிறந்த சான்று. இவர் தமது 17 ஆம் வயதில், 1978 இல், தேசிய லீக்குக்குப் போட்டியாயிருந்த உலக ஹொக்கிச் சங்கத்திற் சேர்ந்து, முதலில் இந்தியானாபொலிஸ் அணிக்கும் பின் எட்மன்ரன் அணிக்கும் ஆடினார். 1979 இல் அச்சங்கம் கலைய, எட்மன்ரன் அணி தேசிய லீக்கிற் சேர்ந்தது. அந்த 1979-80 பருவத்தில் 137 புள்ளிகள் பெற்று, மிகப் பயனுள்ள வீரருக்குரிய ஹார்ட் விருதையுங் கிறெற்ஸ்கி கொண்டுபோனார். புதுவீரருக்குரிய கால்டர் விருது மாத்திரம் அவருக்கில்லை! வேறொரு பெரிய சங்கத்தில் முன்னரே ஆடிவிட்டவர் புதியவராகார் என்றது லீக். விருது றே போர்க் என்பவருக்குப் போயிற்று.

ஆனால் லீக் புதியவரல்லர் என்று தள்ளிய அதே பருவத்துக் கிறெற்ஸ்கி அட்டையே ஹொக்கி உலகின் மிகப் புகழ்பெற்ற கன்னி அட்டை. ஓ-பீ-சீ நிறுவனம் போட்டிச் சங்க வீரருக்கான அட்டைத் தொகுதியை 1977-78 பருவத்தோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த பருவத்துக்கும் ஒன்று வெளியிட்டிருந்தால், இன்று இலட்சங்கள் பெறும் அட்டை வேறொன்றாயிருந்திருக்கும். லீக் புதியவரென்று முடிசூட்டிய போர்க்குக்கோ கன்னி அட்டை வந்தது அடுத்த பருவத்தில், 1980-81 இல். லீக்கின் அளவுகோலும் நேரானதென்று சொல்வதற்கில்லை. சோவியத் நாட்டிற் பல்லாண்டு புகழோடு ஆடிய சேர்கெய் மக்காறொவுக்கு, 31 வயதில் ஆடிய பருவத்துக்காக, 1990 இல் அதே புதுவீரர் விருதை வழங்கிவிட்டு, அதன் பின்னரே 26 வயது என்று வரம்பு கட்டினார்கள்.

கிறெற்ஸ்கி அட்டையிலும் இரண்டுண்டு. கனடாவின் ஓ-பீ-சீ 396 அட்டைகளாகவும், அமெரிக்காவின் ரொப்ஸ் 264 அட்டைகளாகவும் ஒரே நீலக்கரை வடிவில் அச்சிட்டன. இரண்டிலும் இவர் 18 ஆம் இலக்கம். இரண்டுமே கன்னி அட்டைகள்தாம். ஆயினும், கனடாப் பதிப்புக்கே மதிப்பதிகம். உயர்தரமான அப்பதிப்பு அட்டையொன்று 2016 இல் 4 இலட்சத்து 65 ஆயிரம் டொலருக்கும், 2021 இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும் விலைபோயிற்று.

பொபி ஓர் விடயத்திற் சிக்கலில்லை: 1966-67 இல் ஆடத் தொடங்கினார், அப்பருவத்து ரொப்ஸ் தொகுதியிலேயே 35 ஆம் இலக்கமாக வந்துவிட்டார். மரியோ லெமியூ 1984-85 இல் முதலாட்டத்தைத் தொடங்கி 100 புள்ளிகள் பெற்றும் அடுத்த பருவம் வரை அட்டைக்குக் காத்திருந்தார்.

1990 இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செற் என்று நிறுவனங்கள் பெருகின; யாறொமிர் யாகருக்கு ஒரே பருவத்திற் பல கன்னி அட்டைகள் வந்தன. எரிக் லின்ட்றோஸுக்கோ, அவர் 17 வயது இளையோர் அணி வீரராயிருந்த 1990-91 பருவத்திலேயே ஸ்கோர் அட்டை போட்டுவிட்டது. தேசிய லீக்கில் அவர் காலடி வைத்தது 1992 இல்! ஹவ்வுக்கு அட்டை பிந்தியது, இவருக்கு முந்தியது.

இக்காலத்தில் அப்பர் டெக் தொகுதியின் ‘யங் கன்ஸ்’ வரிசையையே பலர் கன்னி அட்டையாகப் போற்றுகின்றனர். 2005-06 இல் சிட்னி குறொஸ்பியும் 2015-16 இல் கொனர் மக்டேவிட்டும் அவ்வரிசையில் 201 ஆம் இலக்கமே பெற்றனர். அதே படத்தை வேறு பளபளப்பில் 100 பிரதி, 10 பிரதி என்று குறைத்து அச்சிடுவதும் உண்டு. அவை அருமையானவை; ஆனால் கன்னி அட்டையின் சாயைகளேயன்றிக் கன்னி அட்டைகளல்ல என்பதே என் கட்சி. விற்பவன் சாயையை மூலமென்று கூறும்போது மாணவர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நீலக்கரைக் கிறெற்ஸ்கி அட்டையொன்று யாரேனும் காட்டினால் முதலிற் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு மொழியும் இருந்தால் அது கனடாப் பதிப்பு. ஆங்கிலம் மட்டுமாயின் அமெரிக்கப் பதிப்பு. கனடாப் பதிப்பின் ஓரம் பிசிறுபட்டிருப்பது குறையன்று. அங்கு அட்டைகளைக் கம்பியால் அறுத்தார்கள். அதன்பின் உருப்பெருக்குக் கண்ணாடியை எழுத்தின்மேல் வையுங்கள். மூல அச்சில் கறுப்பெழுத்து ஒரே மையாய் நிறைந்திருக்கும். படம்பிடித்து மீள அச்சிட்ட போலியிலோ எழுத்தே சிறுசிறு புள்ளிகளாகச் சிதறிக் காணும்.