உலைக்களம் அறியாத உரைகாரர்கள்

“தமிழ் வாத்தியாருக்குக் கத்தியோடு என்ன சம்பந்தம்?” என்று சென்ற மாதம் இலக்கிய நண்பரொருவர் நம்மைக் கேட்டார். நாகமலை புதுக்கோட்டையில் நம் வீட்டின் பின்கட்டில், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துச் சமையல் சோடாக் கரைசலில், மடக்குக்கத்தியின் டைட்டானியக் கைப்பிடித் தகடொன்றை நாம் தொங்கவிட்டிருந்ததைக் கண்டபின் எழுந்த கேள்வி அது. அதில் கேலி இருந்தது. கேலியைவிட அதிகமாக இளக்காரம் இருந்தது. அந்த இளக்காரம் நண்பருடையது மட்டுமன்று. ஏடு படித்த நம் எல்லோருடையதும். எனவே அதற்குப் பொதுவில் பதில் சொல்வதே முறை.

முதலில், செய்தது இன்னதெனச் சொல்லிவிடுவோம். ஒன்பது வோல்ட் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட். நேர்முனையைத் தகட்டோடும், எதிர்முனையைக் கரைசலில் அமிழ்ந்த துருப்பிடிக்காத எஃகுத் துண்டோடும் இணைக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. சில நொடிகளில் சாம்பல்நிறத் தகடு பொன்பழுப்பாகி, ஊதாவைக் கடந்து, நீலத்தில் வந்து நிற்கிறது. இதில் சாயம் ஒரு துளியும் இல்லை. உலோகத்தின்மேல் வளரும் நிறமற்ற ஆக்சைடு படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றும் நிறம் அது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் காட்டுவதும் இதுவே. மின்னழுத்தம் ஏற ஏறப் படலம் தடிக்கும், நிறம் மாறும்.

நமது முதல் தகடு திட்டுத்திட்டாக வந்தது. விரல்பட்ட இடத்தில் ஒட்டிய எண்ணெய்தான் காரணம். சோப்பிட்டுக் கழுவி, கையுறையணிந்து எடுத்த அடுத்த தகடு சீராக வந்தது. நிறம் முன்னோக்கியே செல்லும். பின்னுக்குக் கொணரவேண்டுமாயின் படலத்தையே தேய்த்து நீக்கவேண்டும். ஆகவே குறைந்த அழுத்தத்திலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

நண்பரின் முதல் மறுப்பு, இது வெறும் அலங்காரம் என்பது. புறநானூற்றின் 95ஆம் பாட்டை அவர் துணைக்கழைத்தார். தொண்டைமானின் படைக்கலங்கள் மயில்தோகையும் மாலையும் சூடி நெய்ப்பூச்சில் மின்ன, அதியமானுடையவையோ போரில் சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை எள்ளி நகையாடியதை நாமும் அறிவோம். ஆனால் அப்பாட்டின் பெருமை எங்கே செல்கிறது? கொல்லனின் சிறு கொட்டிலுக்கு. அங்கே என்ன கிடக்கிறது என்று ஔவைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாட்டுக்கு நயம் உரைக்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு பட்டறையின் வாசலை மிதித்திருக்கிறோம்?

இரண்டாம் மறுப்பு, மதுரைப் பக்கம் கத்தி என்றாலே ரத்தம் என்பது. இது திரைப்படம் நமக்குக் கற்பித்த பாடம். திருப்பாச்சேத்தி என்றதும் அருவாளையும் அருவாள் என்றதும் வெட்டையும் நினைக்கப் பழகிவிட்டோம். இளநீர் சீவுவதும் கருவேலமுள் வெட்டுவதும் அதே அருவாள்தான் என்பதும், அதை அடித்துத் தோய்த்த கைக்கு ஓர் அறிவுண்டு என்பதும் நினைவில் வருவதில்லை. தோய்த்த எஃகை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் ஏறும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதைப் பொறுத்தே அலகின் கடினம் அமையும். அதுவும் ஆக்சைடு படலத்தின் நிறமே. நம் கிண்ணத்தில் மின்கலம் செய்ததை உலையில் நெருப்புச் செய்கிறது.

மூன்றாவது, இது தமிழாசிரியன் வேலையன்று என்பது. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், ஓடைக்கரைக் கருமணலை ஆராய்ந்து இந்தத் தனிமத்தின் இருப்பை முதலில் உணர்ந்த வில்லியம் கிரெகர் ஒரு பாதிரியார். அவருக்கும் அது வேலையன்றுதான். அதே இல்மனைட் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது. குமரிக் கடலைப் பாடிய புலவர்களின் பட்டியலை ஒப்பிக்கும் நமக்கு, அதன் மணலில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் எழாதது ஏன்?

இதைச் சொல்ல நமக்கும் தகுதி குறைவே. சில ஆண்டுகளுக்குமுன் வகுப்பில் துருத்தி என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருள் கூறிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசை மாணவரொருவர் எழுந்து, அது இயங்கும் விதத்தைக் கையசைத்துக் காட்டினார். அவர் தந்தை பட்டறை வைத்திருந்தவர். மூன்றாண்டுகளாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூசும்படியான ஒரு வகுப்பறையை நடத்தியவர்கள் நாம்தான்.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. மின்கலங்களை அடுக்கி 90, 100 வோல்ட்டுக்குப் போகவேண்டாம். ஈரக்கையில் அது உயிருக்கே ஆபத்து. சோடாவுக்குப் பதில் உப்பிட்டால் குளோரின் வாயு எழும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் தோய்க்கச் சொல்லும் குறிப்பைக் கண்டால் அப்பக்கத்தை மூடிவிடுங்கள்.

நீலத்தகடு இப்போது நம் மேசைமேல் புறநானூற்றுப் பிரதிக்கு அருகே இருக்கிறது. அடுத்த பருவத்தில் 95ஆம் பாட்டு வரும்போது அதை வகுப்புக்கு எடுத்துச் செல்லவிருக்கிறோம். அந்த மாணவரின் தந்தையையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். நண்பரும் விரும்பினால் வரலாம்.