உட்கார்ற இடத்துக்கு உத்தரவாதம்!

'மச்சி, ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு திருவான்மியூர்ல அசெம்பிள் ஆகுறோம். ஈ.சி.ஆரைப் புடிச்சு நேரா மகாபலிபுரம். அங்க ஒரு டீ. அப்படியே ரிட்டர்ன்!' - ஹாஸ்டலில் யாராவது ஒருத்தர் இப்படிப் பற்ற வைத்தால் போதும், பத்து சைக்கிள் கிளம்பிவிடும். போக வர கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். போகும்போது பாட்டு, ரேஸ், செல்ஃபி. கோவளம் தாண்டியதும் ஒவ்வொருத்தராக சீட்டில் நெளிய ஆரம்பிப்பார்கள். திரும்பும்போது பாதிப் பேர் நின்றுகொண்டே மிதிப்பார்கள். திங்கட்கிழமை முதல் பீரியட்... கடைசி பெஞ்ச் கூட முள்ளாகக் குத்தும். கேட்டால், 'கால் வலிடா' என்பார்கள். வலி கால்ல இல்லைங்கிறது அவங்கவங்களுக்கே வெளிச்சம்!

கிண்டல் இருக்கட்டும் பாஸ். அந்த ஒரே ஒரு ட்ரிப்போடு சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு, 'நமக்கு இது செட் ஆகாது' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய பேர். பசங்க கேலிக்குப் பயந்து சொல்வதில்லை. பொண்ணுங்க கூச்சப்பட்டு சொல்வதில்லை. அதனால் நாமே பேசிவிடுவோம்.

முதலில் ஒரு ஆறுதல். இந்த வலி ஜாம்பவான்களையும் விட்டு வைக்கவில்லை. அயர்லாந்தின் ஷான் கெல்லி, 1987-ல் நடந்த ஸ்பெயின் சைக்கிள் பந்தயமான 'வுவெல்டா'வில் முதலிடத்தில் இருந்தார். முடிய இன்னும் மூன்றே நாள். ஆனால், சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த கட்டி அவரைப் பாதியிலேயே இறக்கிவிட்டது. கோப்பை கொலம்பியாவின் லூயிஸ் ஹெர்ரேராவுக்குப் போனது. அடுத்த வருஷமே, 1988-ல் வந்து அதே பந்தயத்தை கெல்லி ஜெயித்தார் என்பது வேறு விஷயம். ஆக, இது வீக்னஸ் இல்லை. கவனிக்க வேண்டிய சமாச்சாரம்.

வலிக்குள் நாலு வகை!

இடுப்பெலும்பின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு முட்டுகள் உண்டு. கெட்டியான படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அசைந்து பாருங்கள், தெரியும். சைக்கிளில் உங்கள் பாரம் இந்த இரண்டு எலும்புகள் மேல்தான் இறங்க வேண்டும். புதுசாக ஓட்டும்போது அந்த இடம் கன்றிப்போன மாதிரி வலிக்கும். இது முதல் வகை. அடிக்கடி ஓட்டினால் ஓரிரண்டு வாரத்தில் பழகிவிடும். பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, உராய்வு. தொடையும் துணியும் சீட்டும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து தோல் சிவந்து எரியும். மூன்றாவது, கட்டி. தேய்ந்த தோலில் வியர்வையும் கிருமியும் சேர்ந்து, முடிக்கால் வழியாக உள்ளே போய் கொப்புளமாகக் கிளம்பும். கெல்லியைக் கவிழ்த்த ஆசாமி இந்த ரகம். நாலாவது, மரத்துப்போவது. எலும்பில் விழ வேண்டிய பாரம் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியில் விழுந்து, அங்கே ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் அமுக்குவதால் வருவது. வலிக்கவில்லையே என்று இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஐந்து நிமிஷம், ஒரு ஸ்பேனர்

பாதிப் பிரச்னை சீட்டின் உயரத்தில் இருக்கிறது. சுவரில் ஒரு கை ஊன்றி சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். இப்போது வழக்கம்போல முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கி இருக்கும். அதுதான் ஏறக்குறைய சரியான உயரம். சீட் ரொம்ப உயரம் என்றால், எட்டி எட்டி மிதிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், தோல் தேயும். ரொம்பத் தாழ்வு என்றால், கால் பாரம் தாங்காமல் மொத்தமும் சீட்டில் இறங்கும், முட்டியும் கெடும். ஒரு எச்சரிக்கை... சீட் தாங்கும் கம்பியில் 'இதுக்கு மேல தூக்காதே' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது.

அடுத்து, சாய்வு. சீட் தரைக்கு மட்டமாக இருக்கட்டும். மூக்கு தூக்கி இருந்தால் நடுப்பகுதி நசுங்கும். ரொம்பக் கவிழ்ந்தால் முன்னால் வழுக்கிக்கொண்டே போவீர்கள், கைக்கு பாரம் கூடும். செல்போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது, இல்லையென்றால் கொத்தனார் அண்ணனிடம் ரசமட்டம் இருக்கிறது!

சோபா வேண்டாம்!

'சீட் கல்லு மாதிரி இருக்கு, ஒரு ஜெல் கவர் போட்டா சரியாயிடும்' - எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கடைக்குப் போய் வர ஓகே. ஐம்பது கிலோமீட்டருக்கு அது எதிரி. ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு உள்ளே புதையும், புதைந்த இடத்துக்கு நடுவில் மெத்தை மேலே பிதுங்கும். எங்கே அமுக்கக் கூடாதோ சரியாக அங்கே அமுக்கும். மெத்தையை விட முக்கியம், அகலம்.

அளப்பது சுலபம். அட்டைப்பெட்டியைக் கிழித்து, வரிவரியாக இருக்கும் அந்த அட்டையைப் படிக்கட்டில் போட்டு, முழங்காலை உயர்த்தி அழுத்தி உட்காருங்கள். இரண்டு பள்ளம் விழும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். அதோடு சுமார் 2 செ.மீ. கூட்டினால் உங்களுக்குத் தோதான சீட்டின் அகலம் கிடைக்கும். பெண்களுக்கு இந்த இடைவெளி சராசரியாகக் கொஞ்சம் அதிகம். அண்ணன் சைக்கிள் தங்கைக்கு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ப்ளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறதா? தாராளமாகப் போதும். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால் பாரம் பின்பக்கம்தான் அதிகம் இறங்கும். ஸ்ப்ரிங் வைத்த அகலமான சீட் அந்த மாதிரி உட்காருவதற்காகவே செய்தது. அதைக் கழற்றிவிட்டு ஸ்டைலுக்காக ஒல்லி சீட் மாட்டாதீர்கள்.

ஜீன்ஸுக்கு 'நோ'!

ஜீன்ஸில் நாலு பக்கத் தையலும் சந்திக்கும் ஜங்ஷன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சரியாக நீங்கள் உட்காரும் இடம்! தடித்த தையல், வியர்வையில் ஊறிய துணி, ஆயிரக்கணக்கான மிதி... தோல் என்னாகும்? உள்ளே பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்தான் நல்ல முதலீடு. ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு பேட் உண்டு. முக்கியமான ரூல், அதற்குள் ஜட்டி போடக் கூடாது. போட்டால் அதன் தையல் உறுத்தும், பேட் வாங்கியதே வேஸ்ட். வெளியே தெரியக் கூச்சமாக இருந்தால் மேலே லூஸாக ட்ராக் பேன்ட்டோ குர்தாவோ போட்டுக்கொள்ளுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? தையல் உறுத்தாத, வியர்வை சீக்கிரம் காயும், உடம்போடு ஒட்டிய லெகிங்ஸ் ஓரளவு கை கொடுக்கும். கிளம்பும் முன் தொடை உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து கட்டி கட்டியாகிவிடும்.

ரோட்டில் இறங்கியாச்சு...

பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று பத்து, இருபது விநாடி மிதியுங்கள். அமுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்பும். ஸ்பீடு பிரேக்கரையும் பள்ளத்தையும் பார்த்தால் பின்பக்கத்தைத் தூக்கிவிடுங்கள், குலுக்கலை முட்டி வாங்கிக்கொள்ளும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். டீக்கடை பெஞ்சில் உட்காருவது ரெஸ்ட் இல்லை, அதுவும் உட்காருவதுதானே!

அதைவிட முக்கியம், திடீர் சூரப்புலி ஆகாமல் இருப்பது. தினமும் காலேஜுக்கு 4 கி.மீ. மிதிக்கிறவர், ஞாயிறன்று 90 கி.மீ. என்றால் உடம்பு ஸ்ட்ரைக் பண்ணத்தான் செய்யும். வாரத்துக்கு மூன்று நாளாவது ஓட்டுங்கள். அதில் நீளமான சவாரியை மட்டும் 15, 20, 25 கி.மீ. என்று வாரா வாரம் கூட்டுங்கள். 60 கி.மீ. வலியில்லாமல் முடிகிற அன்றைக்கு மகாபலிபுரம் பிளான் போடலாம்.

வந்ததும் என்ன செய்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஈர ஷார்ட்ஸோடு ஒரு மணி நேரம் அரட்டை அடிப்பதுதான் கட்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. உடனே கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். ஷார்ட்ஸை அன்றே துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். துவைக்காத ஷார்ட்ஸை மறுநாள் மாட்டுவதும், ரூம்மேட் ஷார்ட்ஸைக் கடன் வாங்குவதும் கூடவே கூடாது.

கட்டி வந்துவிட்டதா? கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். ஆறும்வரை சைக்கிளுக்கு லீவு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் கோத்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். கட்டி பெரிதானால் கீறி எடுக்க வேண்டியிருக்கும். அதேபோல இறங்கின பிறகும் மரத்துப்போனது சரியாகவில்லை என்றால், அல்லது ஒவ்வொரு தடவையும் மரத்துப்போகிறது என்றால், சீட்டையும் பாருங்கள், டாக்டரையும் பாருங்கள். அவர்கள் இதைவிடக் கூச்சமான சங்கதியெல்லாம் கேட்டுப் பழகியவர்கள்.

நீண்ட தூர சைக்கிள் பிரியர்களுக்கு 'பிரெவே' என்று ஒரு சவாரி உண்டு. 200 கி.மீ. தூரத்தை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே ஜெயிக்கிறவர், தோற்கிறவர் என்று யாரும் இல்லை, முடித்தவர்களும் முடிக்காதவர்களும்தான். முடிக்க வைப்பது தொடையில் இருக்கும் பலம் மட்டுமல்ல, வலிக்காமல் உட்காரத் தெரிவதும்தான். முதல் வேலையாக இன்றைக்கு சாயங்காலம் தெருமுனை சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்குங்கள் பாஸ்!