கைப்பேசி ராகுகாலம்

நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ராகுகாலம், ஒன்றரை மணி நேரம் எமகண்டம், ஆக மூன்று மணி நேரத்தை நம் மக்கள் இல்லாத ஒரு பாம்புக்கும் இல்லாத ஓர் எமனுக்கும் தானம் கொடுத்து வருகின்றார்கள். அந்த நேரத்தில் கடை திறக்கமாட்டார்கள், பத்திரம் பதியமாட்டார்கள், பெண் பார்க்கப் புறப்படமாட்டார்கள். இந்த மூடத்தனத்தை நாம் மேடைதோறும் கண்டித்து வந்திருக்கின்றோம். ராகுகாலம் என்று தெரிந்தே அந்த நேரத்தில் திருமணம் நடத்தியும் காட்டியிருக்கின்றோம். அதெல்லாம் சரிதான். ஆனால், ராகுவுக்கு ஒரு நிமிஷமும் தரமாட்டேன் என்று மார்தட்டுகிற தோழர் ஒருவர், அதே நாளில் மூன்று மணி நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு, "பத்திரிகை படிக்க நேரமில்லை, கூட்டத்திற்கு வர நேரமில்லை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நேரமில்லை" என்று சொல்லுவாரானால், அவருக்கும் பஞ்சாங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

மூன்று மணி என்பது மிகை என்று சிலர் கோபித்துக் கொள்ளலாம். கோபம் வேண்டாம், கணக்குப் பார்ப்போம். எந்த நாளில் எத்தனை மணி நேரம் கைப்பேசியைப் பார்த்தோம் என்பதைக் காட்டும் ஏற்பாட்டை 2018ஆம் ஆண்டில் ஆப்பிள், கூகுள் ஆகிய இரண்டு கம்பெனிகளும் கொண்டுவந்து விட்டன. இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் அது இருக்கின்றது. வேலைக்காகப் பேசியதையும் பணம் அனுப்பியதையும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாரத்திற்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று மணி இல்லாவிட்டால் சந்தோஷமே. இருக்குமானால் மேலே படியுங்கள்.

நாளுக்கு மூன்று மணி என்றால் வருஷத்திற்கு 1,095 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக வைத்துப் பார்த்தால் 136 நாட்களுக்கு மேல். ஒரு முதலாளி, வருஷத்தில் 136 நாள் கூலியில்லாமல் வந்து உழைத்துவிட்டுப் போ என்று சொன்னால் நாம் சும்மா விடுவோமா? கொடி பிடிக்கமாட்டோமா?

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி சொந்தப் பொழுது என்பது எவரும் நமக்குப் பிச்சையாகப் போட்டதல்ல. 1886இல் சிக்காகோ தொழிலாளர் அதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டி நடந்த வழக்கில் 1887இல் நான்கு பேர் தூக்கில் தொங்கினார்கள். 1923இல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அப்படி உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைத்தான் இன்று நாம் கேட்பாரின்றிக் கைநழுவ விடுகின்றோம்.

நழுவிப் போகிற பொழுது காற்றில் கரைந்துவிடுகின்றதா? இல்லை. அது ஒருவருக்கு லாபமாகப் போய்ச் சேருகின்றது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை நடத்தும் மெட்டா கம்பெனியின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. நாம் காசு கொடுக்காமல் பார்க்கின்றோம் என்று நினைக்கின்றோம். உண்மையில் நம்முடைய கண்களைத்தான் அவர்கள் விளம்பரக்காரரிடம் விற்கின்றார்கள். நாம் எவ்வளவு நேரம் பார்க்கின்றோமோ அவ்வளவு அவர்களுக்கு வரும்படி. கோயிலில் உண்டியல் ஓர் இடத்தில் இருக்கும். நாம் அங்கே நடந்து போக வேண்டும். இந்த உண்டியலோ நம்முடைய சட்டைப் பையிலேயே இருந்துகொண்டு, "போடு, போடு" என்று மணியடிக்கின்றது.

இதிலுள்ள தந்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்பது புறாவுக்குத் தெரியாதபடி, சில சமயம் சில கொத்துக்கும், சில சமயம் பல கொத்துக்குமாகத் தானியம் விழ வைத்தார். அப்போது புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்தியது. சூதாட்ட இயந்திரத்தின் ரகசியம் இதுதான். லாட்டரிச் சீட்டின் ரகசியமும் இதுதான். அந்த லாட்டரியை 2003இல் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். ஆனால் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, அடுத்ததாவது நன்றாக இருக்குமா என்று பார்க்கிற லாட்டரிக்குத் தடை ஏது? பத்து ரீல்ஸில் ஒன்பது குப்பை; பத்தாவது சிரிப்பு மூட்டும். அந்தப் பத்தாவதுக்காக அடுத்த நூறு.

முன்பு ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்த இடத்தில் மனிதனுக்கு "போதும்" என்ற எண்ணம் வர இடமிருந்தது. 2006இல் ஆசா ரஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் பக்கத்தை அமைத்தார். பின்னால் அவரே அதற்காக வருந்தினார். பேஸ்புக்கின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மக்களுடைய நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக விழுங்கலாம் என்பதே தங்கள் யோசனையாக இருந்தது என்று 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். ஐபேடை உங்கள் பிள்ளைகள் விரும்புகின்றார்களா என்று ஒரு நிருபர் 2010இல் கேட்டபோது, அதைச் செய்து விற்ற ஸ்டீவ் ஜாப்ஸ், அவர்கள் அதைப் பயன்படுத்தியதில்லை என்றார். பிரசாதத்தை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டுத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காத பூசாரியைக் கண்டால் நமக்கு என்ன சந்தேகம் வரவேண்டுமோ, அதே சந்தேகம் இங்கேயும் வரவேண்டாமா?

நிற்க. "பகுத்தறிவு பேசுகிறவர்கள் விஞ்ஞானக் கருவியைக் குறை சொல்லலாமா?" என்று ஒரு கேள்வி வரும். கருவியை நாம் குறை சொல்லவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூரத்திலிருப்பவரோடு பேசும் காலம் வரும் என்று 1940களிலேயே "இனிவரும் உலகம்" என்ற நூலில் பெரியார் எழுதினார். அது வந்தது நல்லதே. கடலுக்குப் போகிறவர் புயல் செய்தி அறிகின்றார்; வெளியூரிலுள்ள மகன் வீட்டுக்கு ஒரு நொடியில் பணம் அனுப்புகின்றான். இதெல்லாம் நாம் கருவியை வேலை வாங்குவது. கருவி நம்மை வேலை வாங்கும்போதுதான் கண்டிக்கின்றோம்.

இதில் பெண்களின் பாடு தனி. மாலையில் ஆண் வீட்டுக்கு வந்து திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகின்றான். அவள் உலை வைத்து, சோறு போட்டு, பாத்திரம் கழுவி, பத்து மணிக்குத்தான் கையைத் துடைக்கின்றாள். அதற்குப் பிறகு அவள் கைப்பேசியைப் பார்த்தால் அது அவளுடைய உறக்கத்திலிருந்து எடுத்த நேரம். எங்களுக்குப் போட்டி உறக்கம்தான் என்று நெட்பிளிக்ஸ் தலைவர் 2017இல் சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல. ஆண் தன்னுடைய மூன்று மணியில் ஒரு மணியை அடுப்படியில் செலவழித்தால், அந்த வீட்டில் இரண்டு பேர் படிக்கலாம்.

சரி, என்ன செய்வது? "இனித் தொடமாட்டேன்" என்று சபதம் செய்ய வேண்டாம். சபதமும் விரதமும் ஏகாதசிக்காரர் வேலை; மறுநாள் துவாதசிக்கு இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள் சேர்ந்து செய்த சூழ்ச்சியை ஒரு தனி மனிதனின் மனவுறுதி எத்தனை நாள் தாங்கும்? ஆகவே விரதம் வேண்டாம், ஏற்பாடு வேண்டும்.

முதலாவது, ஆட்கள் அழைக்கும் மணியைத் தவிர மற்ற எல்லா மணிகளையும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, படுக்கும் இடத்தில் கைப்பேசி கூடாது. எழுப்புவதற்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொள்ளுங்கள். மூன்றாவது, தபால்காரர் வருவதற்கு ஒரு வேளை இருந்ததுபோல, வாட்ஸ்அப் பார்ப்பதற்குக் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை வையுங்கள். நான்காவது, ரீல்ஸ் காட்டும் செயலியை அழித்துவிடுங்கள். வேண்டும்போது மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கிற அந்தத் தொல்லையே பாதி மருந்து. ஐந்தாவது, சாப்பிடும்போது வீட்டில் ஒருவர் கையிலும் அது இருக்கக்கூடாது. பெரியவர் பார்த்துக்கொண்டே பிள்ளையைத் திட்டுவது, சுருட்டுப் பிடித்துக்கொண்டே புகையிலையைக் கண்டிப்பது போலாகும்.

மிச்சமாகிற நேரத்திற்கும் வேலை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய இடத்திற்கே ஓடும். சென்னை மாகாணத்தில் 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகின்றது. பணம் கட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்காமல் வருவது எந்த ஊர் வியாபாரம்? பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்க வசதியில்லாத நம் போன்றவர்கள் நாலு எழுத்துத் தெரிந்துகொண்டது வாசகசாலையில் தினம் அரை மணி, அரை மணியாகச் சேர்த்துத்தான். செல்வமும் நிலமும் இல்லாதவனுக்குப் பிறக்கும்போதே கிடைத்த ஒரே சொத்து அவனுடைய பொழுது. ஜமீனை இழந்தவன் திரும்பவும் வாங்கலாம். பொழுதை இழந்தவன் எந்தச் சந்தையில் வாங்குவான்?

ஆகையால், தோழர்களே, அந்த ஒரு வாரக் கணக்கை இன்றே எழுதத் தொடங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டி வையுங்கள். பிறகு அதில் பாதியை மீட்டு, ஊர் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுங்கள்.