பிரம்மகமலத்தை வெட்டலாமா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடத்து, தறிவீடுகளின் தாழ்வாரத்திலும் விவசாயிகளின் கிணற்றடியிலும் ஒரே செடியை அடிக்கடி காண்கிறோம். சப்பைத் தண்டுகள் தொங்கத் தொட்டியில் நிற்கும் அதனைச் சிலர் பிரம்மகமலம் என்பர். சிலர் நிஷாகந்தி என்பர். இமயமலையில் வளரும் உண்மையான பிரம்மகமலம் வேறு. இது மெக்சிகோ முதலிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட கள்ளியினம். ஆயினும் பெயரைத் திருத்துவது நம் நோக்கமன்று. இரவில் மலர்ந்து விடியுமுன் வாடிவிடும் அவ்வெண்மலரைக் காணத் தறியை நிறுத்திவிட்டுத் தெருவே கூடுகிறதென்றால், எந்தப் பெயரும் அதற்குத் தகும்.

இச்செடி பெரும்பாலும் எவரேனும் ஒருவருடைய நினைவாக நிற்பது. தாயார் வைத்தது என்பார்கள். மறைந்த மாமியார் பிறந்தகத்திலிருந்து கொணர்ந்தது என்பார்கள். அதனாலேயே அதன்மேல் கத்தி படலாகாது என்பாரும் உளர். அண்டை வீட்டார் ஒரு துண்டு கேட்டால், வீட்டின் யோகம் உடன் போய்விடும் என மறுப்பாரும் உளர். இக்கருத்து நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. அன்பின் பெயரால் அச்செடிக்கு இழைக்கப்படும் தீங்கு இது.

நம் வீடுகளில் இது காய்த்து விதை தருவது அரிது. ஒற்றைத் தொட்டியில் மட்டும் வாழும் செடிக்கு ஓர் ஐப்பசி அடைமழை போதும். துளை அடைபட்டு நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகிவிடும். நுனித்தண்டு பசுமையாக இருக்கும்போதே வெட்டி நட்டால் பிழைக்கும். அழுகல் அதுவரை ஏறிவிட்டால், என்றோ கொடுத்த துண்டு அண்டை வீட்டில் இருந்தாலன்றி வேறு வழியில்லை. மழை மட்டுமா? தொழில் தேடிக் குடிபெயர்ந்தோர் வீடுகளில், பூட்டிய கதவின் வெளியே காய்ந்த தொட்டிகளையும் காண்கிறோம்.

வெட்டி நட்டது தாயார் வைத்த செடியாகுமா என வினவுவர். இதற்குக் கரும்பு பயிரிடும் அன்பர்களே விடை கூறட்டும். கரணையிலிருந்து எழுந்த கரும்பைத் தாய்க்கரும்பினின்றும் வேறான இனமென்று எவரும் கூறுவதில்லை. மேலும், அத்தாயார் வைத்ததுதான் என்ன? வேறொரு வீட்டுச் செடியின் துண்டுதானே!

இலைபோல் தோன்றுவது இலையன்று, தண்டே. ஆகவே அது வேர்விடும். பூத்து ஓய்ந்த செடியில், முற்றிய நோயற்ற தண்டில் ஒரு சாண் நீளம் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். அடைமழைக் காலம் இதற்கு ஆகாது. வெட்டியவுடன் நடுவதும் ஆகாது. ஆர்வமிகுதியால் பலர் கெடுப்பது இவ்விடத்தில்தான். நான்கைந்து நாள் நிழலில் கிடந்து வெட்டுவாய் உலர்ந்த பின்னரே நட வேண்டும். ஈரக் காயத்தோடு மண்ணுள் புகுந்தால் அழுகும். வெளியூர் செல்வோருக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு: உலர வேண்டிய நாட்களில் துண்டைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியிலேயே எடுத்துச் செல்லலாம்.

மணலும் மக்கிய இலையும் கலந்து, நீர் நன்கு வடியும் தொட்டியில், அடிமுனை கீழிருக்குமாறு இரண்டு விரற்கடை ஆழம் ஊன்றிக் குச்சியில் தளரக் கட்டவும். மண் காய்ந்தபின் சிறிது நீர் தெளித்தால் போதும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்தால் வராது நிற்பதே அடையாளம். காலை வெயில் நன்று, நண்பகல் வெயில் தீது. பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். முற்றிய தண்டுகளின் விளிம்பிலேயே அரும்பு கட்டுமாதலால், தாய்ச்செடியை மொட்டையடிக்கவும் கூடாது. ஆண்டுக்கு இரண்டொரு துண்டே போதுமானது.

கொடுக்கும்போது, வைத்தவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் கட்டிக் கொடுக்கலாம். பெறுகிறவர் தாமும் பிறருக்குக் கொடுக்கையில் அச்சீட்டைப் படியெடுத்துக் கட்டட்டும்.