பெயர் இல்லாத பச்சைச் செடி

மீன் கடையில் நாலு மீன் வாங்கினால், ஒரு கைப்பிடி பச்சைச் செடியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மீனுக்குப் பெயர் உண்டு. கப்பி, மோலி, தங்கமீன் என்று கடைக்காரர் அடுக்குவார். "இந்தச் செடிக்கு என்ன பெயர்?" என்று கேட்டால், "தொட்டிச் செடிதான்!" என்பார். அதோடு சரி.

பச்சையாக இருக்கிறது, மீன் ஒளிந்து விளையாடுகிறது. பெயர் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெயர் தெரியாத நீர்ச் செடியால் தேசங்களே திண்டாடியிருக்கின்றன.

கோடைக்கானல்வாசிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்குள்ள ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. சதுப்பாகக் கிடந்த இடத்தில் ஓடைகளை மறித்து, 1863-ல் லெவிஞ்சு என்ற மதுரை கலெக்டர் அதை அமைத்தார். சுமார் 60 ஏக்கர் பரப்பு. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பேரிஜம் ஏரியின் தண்ணீரோ பெரியகுளத்து மக்களுக்குக் குடிநீர். மலை மேல் தண்ணீரில் எதைப் போட்டாலும் அது கீழே இறங்கி வரும்.

<b>படிக்க வந்த செடி</b>

ஒரு கதையைப் பாருங்கள். கதை அல்ல, நடந்த சம்பவம்.

1939-ல் கொழும்புக்கு ஒரு மிதக்கும் செடி வந்தது. கல்லூரியில் தாவர விஞ்ஞானப் பாடத்துக்காகக் கொண்டுவந்தார்கள். சிறிய வட்ட இலை. மேலெல்லாம் மெல்லிய மயிர். தண்ணீர் பட்டாலும் ஒட்டாது. பார்க்க வெகு அழகு! சில ஆண்டுகளில் அது தப்பி வெளியே போனது. வாய்க்கால், வயல் எங்கும் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது.

கேரளத்திலும் 1950-களில் அதே செடி தலைகாட்டியது. ஓடம் செல்ல முடியவில்லை. நெல் வயலில் புகுந்தது. மக்கள் அதற்கு "ஆப்பிரிக்கப் பாயல்" என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவிலும் 1959-ல் கரீபா என்ற பெரிய அணைக்கட்டு ஏரியில் அது பரவிக் கிடந்தது. ஆனால் அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா அல்ல. பெயரிலேயே பிழை!

விஞ்ஞானிகளும் பிழை செய்தார்கள். அந்தச் செடியை சால்வீனியா இனத்தில் வேறொரு வகை என்று நினைத்தார்கள். அந்த வேறு வகையைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து வந்து விட்டார்கள். பலன் இல்லை. இது தனி வகை என்று 1972-ல்தான் தெரிந்து, "சால்வீனியா மொலெஸ்டா" என்ற பெயர் வந்தது. பிறகு அதன் பிறப்பிடம் எது என்று தேடினார்கள். தெற்கு அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் தென்கிழக்குப் பகுதி என்று தெரிந்தது. அங்கே அதைத் தின்று வாழும் வண்டு ஒன்று இருந்தது. எள்ளைப் போன்ற சின்னஞ்சிறு கறுப்பு வண்டு.

1980-ல் ஆஸ்திரேலியாவில் மூண்டரா ஏரியில் அந்த வண்டுகளை விட்டார்கள். அடுத்த ஆண்டே ஏரி சுத்தமாகிவிட்டது! ஆயிரக்கணக்கான டன் செடி அழிந்தது. 1980-களில் அதே வண்டு கேரளத்துக்கும் இலங்கைக்கும் வந்து உதவியது. இதில் ஒரு வேடிக்கை: அந்த வண்டுக்கும் முதலில் தவறான பெயர்தான் சொல்லியிருந்தார்கள். 1985-ல்தான் அதற்குச் சரியான பெயர் கிடைத்தது.

அமெரிக்காவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். இந்தியாவிலும் இலங்கையிலும் குளங்களில் சாதாரணமாக வளர்வது ஹைட்ரில்லா. 1950-களின் தொடக்கத்தில், "இந்திய நட்சத்திரக் கொடி" என்ற அலங்காரப் பெயரோடு அது இலங்கையிலிருந்து புளோரிடாவுக்குப் போனது. வாங்கிய தொட்டிச் செடி வியாபாரிக்குச் சரக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கால்வாயில் கொட்டிவிட்டார். சில மாதங்களில் அது அங்கே செழித்து நின்றது. இன்றும் அந்த மாநிலம் அந்தச் செடியை அடக்க ஆண்டுதோறும் பெரும் பணம் செலவிடுகிறது.

<b>கண்டுபிடிப்பது எப்படி?</b>

பெயர் இல்லாமல் வந்த செடியை உடனே தொட்டியில் போடக்கூடாது. ஒரு தனிப் பாத்திரத்தில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். நத்தை முட்டை, பிற செடித் துண்டுகள் ஒட்டியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

பிறகு இலையைப் பார்க்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரே கணுவில் எத்தனை இலை? மூன்று முதல் எட்டு வரை இருந்து, விரலால் தடவினால் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் ஹைட்ரில்லாவாக இருக்கலாம். வேரில் சிறு கிழங்கு இருந்தால் சந்தேகம் இல்லை. பெரும்பாலும் நாலு இலை, சற்றுப் பெரிதாக, தடவினால் மழமழப்பாக இருப்பது எஜீரியா. அது தெற்கு அமெரிக்கச் செடி. நாடா போன்ற நீண்ட இலை, மண்ணுக்குள் ஓடும் கொடி, அதில் குட்டிச் செடிகள் என்றால் வாலிஸ்னேரியா. கிழங்காகவே விற்கப்படுவது பல சமயம் கொட்டியின் இனம். ஆம், ஊர்க் குளத்தில் பூக்கும் அதே கொட்டிதான்!

இலை ஏமாற்றவும் செய்யும். பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். தொட்டியில் மூழ்கியதும் பழைய இலை அழுகி விழும். செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அவசரம் கூடாது. சில வாரத்தில் புது இலை வரும். அது பழையதைப் போலவே இராது. அகலம், நிறம் எல்லாம் மாறியிருக்கும். கணுவோடு தடித்த தண்டு படுத்தபடி இருந்தால் அதை மண்ணில் புதைக்காமல் கல்லில் கட்ட வேண்டும். புதைத்தால் அழுகும்.

நிச்சயமான பெயருக்குப் பூ வேண்டும். பழனி மலைச் சதுப்புகளில் வெள்ளைப் பொத்தான் போல் பூக்கும் எரியோகாலான் செடிகள் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றே போல் இருக்கும். பூவைப் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் வகை சொல்ல முடியும். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த ஃபைசன் அந்த இனத்தை ஆராய்ந்தார். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்கள் பற்றி 1915 முதல் நூல் வெளியிட்டவரும் அவரே.

<b>குளிரும் ஆபத்தும்</b>

கோடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மார்கழி இரவில் தொட்டித் தண்ணீர் சில்லிட்டுப் போகும். வெப்ப நாட்டுச் செடி பல அங்கே சோர்ந்து நின்றுவிடும். சூடேற்றும் கருவி இல்லாமலே ஒரு செடி தளதளவென்று வளர்ந்தால், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் யோசிக்க வேண்டும். அந்தக் குளிரில் தொட்டியில் வளரும் செடி, ஏரியிலும் வளராதா? நன்றாக வளரும் செடியே அங்கு அதிக ஆபத்தான செடி.

பழனி மலை ஏற்கெனவே பட்டது போதும். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வேட்டில் மரம் புல்வெளிகளை விழுங்கியதை ஊரார் அறிவார்கள்.

பெயர் சொல்ல ஆள் இல்லாத இடமும் அல்ல பழனி மலை. செண்பகனூரில் பாதிரிமார்கள் நூறாண்டுக்கு முன்பே செடிகளைச் சேர்த்து வைத்தார்கள். கே. எம். மாத்யூ பாதிரியார் கோடைக்கானலுக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டுச் செடிகளைப் பற்றி 1969-லேயே தனியாக ஒரு நூல் எழுதினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் தாவரக் காப்பகத்தை உண்டாக்கியவரும் அவர்தான். பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999-ல் மூன்று பாகங்களாக அவர் எழுதிய பெரிய நூல் வெளிவந்தது. அவர் 2004-ல் காலமானார். அவர் வளர்த்த வேலை இருக்கிறது. பூத்த செடியை ஈரத்துணியில் சுற்றி, தாவர விஞ்ஞானம் கற்பிக்கும் ஒரு கல்லூரிக்கு எடுத்துச் சென்றால் அங்குள்ள ஆசிரியர்கள் பார்த்துச் சொல்ல முடியும்.

அரிசி மூட்டையிலும் விதைப் பொட்டலத்திலும் பெயர் இருக்கிறது. நீர்ச் செடிக்கு மட்டும் ஏன் இல்லை? கொளத்தூர் சந்தையிலிருந்து மலை ஊர்க் கடை வரை, ஒவ்வொரு கட்டிலும் பெயரும் பிறந்த நாடும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஏரிக்கரையில் படகுத் துறைக்குப் பக்கத்தில், "தொட்டிச் செடியையும் மீனையும் இங்கே விடாதீர்" என்று நகராட்சி ஒரு பலகை வைக்கலாம்.

மிஞ்சிய செடியைச் சாக்கடையிலோ ஓடையிலோ போடக்கூடாது. ஒரு கணுத் துண்டு போதும், மறுபடி முளைக்கும். தொட்டி கழுவிய தண்ணீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்ற வேண்டும். செடியை வெயிலில் பரப்பி, சருகாக நொறுங்கும் வரை காயவைத்து, எருக்குழியில் புதைத்து மண்ணை மூடிவிட வேண்டும்.