மலைபடுகடாமும் ஆலைச் சங்கும்: கும்மிடிப்பூண்டியின் ஒலிகளைப் பதிவது குறித்து

நகரொன்றின் தெருக்களையும் தொழிற்கூடங்களையும் ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளைக் கொண்டே கலைப்படைப்பு ஆக்கும் முயற்சிக்கு முன்னோடியாகப் பெரிதும் சுட்டப்படுவது, கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். முர்ரே ஷேஃபர் தொடங்கிய உலக ஒலிநிலவுருத் திட்டமாகும். வான்கூவர் நகரின் ஒலிகள் 1973இல் அதன்வழி இசைத்தட்டாக வெளிவந்தன. ஆயின் 1977இல் வெளிவந்த ஷேஃபரின் நூல், தொழிற்புரட்சி தந்த எந்திர ஒலியைப் பெரும்பாலும் மாசாகவே காண்கிறது. அப்பார்வையை அப்படியே ஏற்றால், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி போன்றதொரு தொழிற்பகுதியில் பதியத்தக்கது அதிகம் மிஞ்சாது.

அரசின் செவியும் இதனின் வேறன்று. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என வரம்பிடுகின்றன. குடியிருப்புப் பகுதிக்கு முறையே 55, 45. சூழ வாழ்வோரைக் காக்க இவ்வரம்புகள் வேண்டியவையே. எனினும் அளவுமானி ஒலியின் உரத்தைச் சொல்லுமேயன்றி, அது யாருடைய ஒலி என்பதைச் சொல்லாது.

பத்துப்பாட்டுள் மலைபடுகடாம் வேறொரு கேட்புமுறையைக் காட்டுகிறது. மலையை யானையாக உவமித்து, அதில் பிறக்கும் ஓசையை அதன் மதமாகக் கொண்டமையால் இப்பெயர் பெற்றது என்பது நச்சினார்க்கினியர் விளக்கம். பெருங்கௌசிகனார் அருவியோசையோடு நின்றுவிடவில்லை. தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிரின் குரல், புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, யானையை அடக்கும் பாகர் மொழி கலந்து பேசும் பேச்சு, கரும்பு பிழியும் ஆலையின் அரவம் ஆகிய யாவும் ஒரே நிரலில் வருகின்றன. உழைப்பின் ஒலியையும் கருவியின் ஒலியையும் இயற்கையின் ஒலியிலிருந்து இழிந்ததாக அவர் பிரிக்கவில்லை. ஆலை அங்கே மாசன்று. மலையின் ஒரு குரல். உரையாசிரியர்களுக்குப் பின் வந்த ஆய்வு இப்பகுதியை வருணனை என்ற அளவில் கடந்துபோனது வியப்பே.

இச்செவியோடு கும்மிடிப்பூண்டியை அணுகினால் கேட்கக் கிடைப்பவை பல. சிப்காட் வளாகத்தைச் சூழ்ந்த உருக்காலைகள், புறநகர் மின்தொடர்வண்டி, வடமாநிலத் தொழிலாளரின் ஒடியாவும் இந்தியும், ஆந்திர எல்லையின் தெலுங்கு, இலங்கைத் தமிழர் முகாமின் ஈழத்தமிழ். ஆலையின் சைரனைத் தமிழர் 'சங்கு' என்றே வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கது. கோயிலிலும் சாவுவீட்டிலும் ஒலித்த கருவியின் பெயர் வேலைநேரத்திற்கும் ஆயிற்று.

சிக்கல் பதிவோர் யார் என்பதில் உள்ளது. நாட்டார் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து, அச்சேறியதும் நாடாவைக் கைவிட்ட கள ஆய்வுகள் தமிழ்த்துறைகளுக்குப் புதியன அல்ல. சொல் நின்றது, குரல் போயிற்று. ஒலிக்கலையிலோ குரலே பனுவல். ஆலைக்குள் பதிவான ஒரு பேச்சு, பேசியவரின் வேலையையே பறிக்கக்கூடும். ஆதலின் எதைப் பதிவது, எதை அழிப்பது, எங்கே ஒலிபரப்புவது என்னும் முடிவு அப்பகுதி மக்களிடமே இருத்தல் வேண்டும். ஆய்வாளரின் பணி கருவியும் பயிற்சியும் காப்பகமும் அளிப்பது. ஒடியா பேசும் தொழிலாளியின் குரலுக்குத் தமிழ்த்துறைக் காப்பகத்தில் இடமுண்டா என வினவுவோர், பாகரின் கலப்புமொழியைப் பெருங்கௌசிகனார் எங்கே வைத்தார் என்று பார்க்கலாம்.