தேர் ஓடும் வீதியில் நடக்க இடம் வேண்டும்

மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போனதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியின் நெடுநாள் பலம். கார்த்திகை முதல் தை வரை சபரிமலை வேன்கள், ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகும் கார்கள் எல்லாம் பால்கோவாக் கடை முன்னால் நிற்கும். திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு வெளியே போவதால் அந்தப் பலம் கைவிட்டுப் போகிறது. புறவழிச் சாலையைத் திட்டிப் பயனில்லை. லாரிகளும் விபத்துகளும் ஊருக்குள் குறைவது நல்லதுதான். ஆனால் வழியில் நின்றவர்களை வைத்து நடந்த வியாபாரம், இனித் தேடி வருகிறவர்களை வைத்துத்தான் நடந்தாக வேண்டும். தேடி வரக் காரணங்கள் இந்த ஊரில் குறைவா என்ன? பதினோரு நிலைக் கோபுரத்தோடு நிற்கும் வடபத்ரசாயி கோயில், ஆண்டாள் சந்நிதி, மடவார்வளாகம் சிவன் கோயில், திருமலை நாயக்கர் மகால், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா என்று அடுக்கலாம். வந்தவர் ஒரு மணி நேரம் நிம்மதியாக நடக்கத்தான் வழியில்லை.

சாமி கும்பிட்டு வெளியே வரும் குடும்பம் கடைவீதியில் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். சாக்கடை மூடிக்கு மேலே கடையின் தகரக் கூரை, அதற்கு முன்னால் நெருக்கி நிறுத்திய பைக்குகள், அதையும் தாண்டி விளம்பரப் பலகை. பேரனின் கையைப் பிடித்த பாட்டி நடுரோட்டில் இறங்குகிறார். முதுகுக்குப் பின்னால் ஹாரன். பெண்கள் நம்பிப் போகும்படி சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இல்லையென்றால், அடுத்த கடையைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு வண்டியைத்தான் தேடுவார்கள். இத்தனைக்கும் இவை ஆண்டாளின் பெரிய தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட வீதிகள். ஆடிப்பூரத்தன்று வண்டிகளை அப்புறப்படுத்தியதும் எத்தனை ஆயிரம் பேருக்கு அங்கே இடம் கிடைக்கிறது!

மற்ற நாட்களிலும் வண்டிகளை விலக்கி இந்த வீதிகளை நடப்பவர்களுக்கு விடலாம் என்றால், கடை வாசலில் காரை நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று வியாபாரிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு கடையின் முகப்பில் அதிகம் போனால் இரண்டு கார் நிற்கும். அதே இடத்தை நடக்க விட்டால் நாள் முழுவதும் ஆட்கள் கடந்துபோவார்கள், கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்ப்பார்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் சித்திரை வீதிகளில் வண்டிகள் ஓடுவதில்லை. அதனால் கூட்டம் குறைந்துவிடவில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் அகல நடைபாதை திறந்தார்கள், பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள். நிறுத்த வேறு இடம் காட்டாமல் தடை மட்டும் போட்டால் வியாபாரிகள் கோபப்படுவது நியாயமே.

இன்னொரு கேள்வி எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும். கான்சாபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் பஸ் ஏறி வந்து துணியும் மருந்தும் மளிகையும் வாங்குகிறவர்களுக்கு வண்டித் தடை இடைஞ்சலாகாதா? அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நடந்துதான் கடைக்குப் போகிறார்கள். முதியோருக்கு பேட்டரி வண்டியும், சரக்கு இறக்க அதிகாலை நேரமும் ஒதுக்கினால் போதும். பூக்காரம்மாக்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் ஆக்கிரமிப்பு என்று துரத்தவும் கூடாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் குறித்துத் தர வேண்டியது நகராட்சியின் கடமை. கோயிலுக்குக் கூட்டம் வரும் மார்கழி முப்பது நாளும் ஒரே ஒரு வீதியில் வண்டிகளை விலக்கிப் பார்க்கட்டும். அந்த மாத விற்பனையை வியாபாரிகளே தங்கள் கணக்கு நோட்டில் பார்த்துவிட்டு, அடுத்த வீதிக்குச் சம்மதம் சொல்லட்டும்.